டஸ்கனியில் தாலி, எத்தனை யூரோ?

வாசகர் கேள்வி-பதில்

தென் ஐரோப்பாவில் கல்யாணம் வைக்கத் திட்டமிடும் வாசகர்களின் கேள்விகளில் செலவு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். வரி விகிதமும் சட்ட விதியும் அந்தந்த நாட்டுடையவை. மாதிரிக் கணக்கில் வரும் விலைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டத்தான். அந்த இடத்தில் உங்கள் கொட்டேஷனில் உள்ள எண்ணை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: இத்தாலியின் டஸ்கனியில் ஒரு பழைய வில்லாவில் ஜூன் மாதம் சனிக்கிழமை கல்யாணம். விருந்தினர் 70 பேர். கையில் இருப்பது 50,000 யூரோ. போதுமா? போதாவிட்டால் ஆட்களைக் குறைக்கலாமா? – டொரான்டோ வாசகி

போதாது. ஆட்களைக் குறைத்தாலும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு மிச்சமாகாது. நம்மூர்ச் சமையல்காரர் ‘இலைக்கு இவ்வளவு’ என்று சொல்லிப் பழகியதால், மொத்தச் செலவும் இலைக் கணக்கில்தான் ஏறி இறங்கும் என்று நினைக்கிறோம். வில்லாக் கல்யாணத்தில் அப்படி இல்லை. செலவு அங்கே மூன்று விதம். பத்துப் பேர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் மாறாதது ஒன்று. தலைக்கு இவ்வளவு என்று ஏறுவது இன்னொன்று. மூன்றாவது, படிக்கட்டு மாதிரி தாவி ஏறுவது: 50 இருக்கை பஸ்ஸில் 51-வது ஆள் ஏற வந்தால் இன்னொரு பஸ்.

மாறாத செலவை முதலில் எழுதுங்கள். வில்லா மூன்று நாள் 12,000, ஏற்பாட்டாளர் 5,000, போட்டோவும் வீடியோவும் 5,000, பூ அலங்காரமும் மணவறையும் 5,000, இசை 2,000, ஜெனரேட்டரும் விளக்கும் 2,000, மேக்கப்பும் சில்லறைக் கட்டணங்களும் 1,500. கூட்டினால் 32,500. வில்லாவைத் தவிர்த்த 20,500-க்கு இத்தாலியின் மதிப்புக்கூட்டு வரி 22%, அதாவது 4,510. ஆக, முதல் விருந்தாளி வாயில் ஒரு கவளம் வைப்பதற்கு முன்பே 37,010 யூரோ போய்விட்டது.

அடுத்தது தலைக் கணக்கு. கல்யாண விருந்து பானங்களோடு 160, முந்தின இரவு உணவு 60, மறுநாள் காலைச் சாப்பாடு 30, நாற்காலி, தட்டு, கண்ணாடி வாடகை 25, கேக்கும் தாம்பூலப் பையும் 10. தலைக்கு 285 வீதம் 70 பேருக்கு 19,950. சாப்பாட்டுக்கு வரி 10% என்பதால் இன்னும் 1,995 (வாடகைப் பொருளுக்கு 22% வரும், இங்கே தோராயமாகவே போட்டிருக்கிறோம்). ஒரு பஸ் ஒரு நாளைக்கு 700 என்றால், இரண்டு பஸ் இரண்டு நாளுக்கு 2,800; வரி 280. மொத்தம் 62,035. எதிர்பாராச் செலவுக்கு 8% சேர்த்தால் 67,000-ஐத் தொடுகிறது.

இப்போது 22 பேரைப் பட்டியலிலிருந்து அடித்து 48 ஆக்குங்கள். ஒரு பஸ்ஸும் குறையும். அப்படியும் எதிர்பாராச் செலவைச் சேர்க்காமலே 53,598. 22 உறவினர்களின் மனத்தாங்கலைச் சம்பாதித்து மிச்சம் பிடித்தது 8,437 யூரோ. கத்தி வைக்க வேண்டியது மாறாத செலவில்தான்.

வாடகை வில்லா என்பது நாலு சுவரும் ஒரு தோட்டமும். நாற்காலி, அடுப்பு, மின்சாரம் எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். அதற்குப் பதில் சொந்தச் சமையலறையும் சாப்பாட்டுக் கூடமும் அறைகளும் உள்ள பண்ணை விடுதியைப் பாருங்கள், அக்ரிடூரிஸ்மோ என்பார்கள். இடம் 5,000, ஏற்பாட்டாளர் 4,000, போட்டோ மட்டும் 3,000, பூ 3,000, இசை 2,000, மற்றவை 1,500, ஜெனரேட்டர் தேவையில்லை. மாறாத செலவு 18,500-ம் அதற்கு வரி 2,970-ம். வாடகைத் தட்டு இல்லாததால் தலைக்கு 260. 70 பேருக்கு வரியோடு 20,020. பாதிப் பேர் அங்கேயே தங்குவதால் ஒரே பஸ் போதும், வரியோடு 1,540. மொத்தம் 43,030. 8% சேர்த்தாலும் 46,472. ஒருவரையும் விடாமல் 70 பேரையும் அழைக்கலாம்.

கேள்வி: இடத்தை உறுதிசெய்ய 4,000 யூரோ முன்பணம் கேட்கிறார்கள். கல்யாணம் நின்றுபோனால் திரும்பக் கிடைக்குமா? – லண்டன் வாசகர்

ஒப்பந்தத்தில் அந்தப் பணத்துக்கு என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். இத்தாலியில் இரண்டு சொற்கள் புழக்கத்தில் உண்டு. ‘அக்கோன்தோ’ என்றால் மொத்தத் தொகையில் கழிக்கப்படும் வெறும் முன்பணம். ஒப்பந்தம் முறிந்தால் கொள்கையளவில் அது திரும்பத் தர வேண்டியது. எதிர்த்தரப்பு நஷ்டஈடு கேட்பது தனி விவகாரம். ‘கப்பாரா கன்ஃபிர்மத்தோரியா’ என்று எழுதியிருந்தால் இத்தாலியச் சிவில் சட்டத்தின் 1385-வது பிரிவு வரும். நீங்கள் பின்வாங்கினால் 4,000-ம் அவர்களுக்கு. அவர்கள் பின்வாங்கினால் இரண்டு மடங்காக 8,000 கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெரிய தோட்ட வில்லாக்கள் உங்கள் தேதியை வேறு ஜோடிக்குக் கூடுதல் விலைக்கு விற்காமல் இருக்க இந்தச் சொல்தான் காவல். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். போர்ச்சுகலில் ‘சினால்’ என்பதற்கும் சிவில் சட்டத்தின் 442-வது பிரிவில் இதே இரட்டிப்பு விதி இருக்கிறது.

முன்பணத்தைவிட, தவிர்க்க முடியாத நிகழ்வு பற்றிய பத்தியைக் கவனமாகப் படியுங்கள். 2023 ஜூலையில் கிரீஸின் ரோட்ஸ் தீவில் காட்டுத்தீயால் ஆயிரக்கணக்கானோர் விடுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 2025 பிப்ரவரியில் அதே நாட்டின் சாண்டோரினியில் நிலநடுக்கம் ஓயாமல் தொடர்ந்ததில் தீவிலிருந்து பெரும்பாலானோர் வெளியேறினார்கள். இப்படி ஒன்று நேர்ந்தால் பணம் திரும்புமா, தேதி மட்டும் மாறுமா, மாறினால் அடுத்த ஆண்டு விலைதானா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். ‘தேதி மாற்றித் தரப்படும்’ என்று மட்டும் இருந்து எந்தக் காலத்துக்குள் என்று இல்லாவிட்டால், நவம்பர் செவ்வாய்க்கிழமையைத்தான் நீட்டுவார்கள்.

கேள்வி: கொட்டேஷனுக்கும் கடைசி பில்லுக்கும் இடையில் இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? – பாரிஸ் வாசகி

தொகைக்குப் பக்கத்தில் ‘+ ஐ.வி.ஏ.’ என்று பொடி எழுத்தில் இருக்கும், மதிப்புக்கூட்டு வரி தனி என்று பொருள். 30,000 என்று படித்தது 22% சேர்ந்து 36,600 ஆகும். பொது விகிதம் ஸ்பெயினில் 21%, போர்ச்சுகல் பெருநிலத்தில் 23%, கிரீஸில் 24%. சாப்பாட்டுக்குக் குறைந்த விகிதம் உண்டு: இத்தாலியிலும் ஸ்பெயினிலும் 10%, கிரீஸிலும் போர்ச்சுகலிலும் 13%. ஆனால் கடைசி இரண்டு நாடுகளிலும் மதுவுக்கு முழு விகிதம்தான். சாப்பாடும் பானமும் ஒரே வரியில் இருக்கிற கொட்டேஷனைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

அறைகளுக்கு மேல் வரும் உள்ளூர் வரியும் கொட்டேஷனில் தெரியாது. கிரீஸில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பருவநிலைத் தாங்குதிறன் கட்டணம் என்று ஒன்று, அறைக்கு ஓர் இரவுக்கு வாங்குகிறார்கள். 2025 முதல் நான்கு நட்சத்திர விடுதிக்கு 10 யூரோ, ஐந்து நட்சத்திரத்துக்கு 15. நான்கு நட்சத்திரத்தில் 30 அறை, மூன்று இரவு என்றால் 900 யூரோ. விருந்தினர் கொடுப்பதா நீங்கள் கொடுப்பதா என்று முன்னமே பேசிவிடுங்கள். வரவேற்பு மேசையில் பெரியப்பா பர்ஸைத் திறக்கும்போது பேசக்கூடாது.

அப்புறம் கூடுதல் மணிநேரம். ஸ்பெயினில் ‘பார்ரா லிப்ரே’ என்னும் திறந்த பார் மணிக்கணக்கில் விலை போடப்படும். ஒரு மணி நேரம் நீட்டினால் பார், பரிமாறுபவர், டிஜே, காத்திருக்கும் பஸ் நான்கும் சேர்ந்து நீளும். கூடுதல் மணியின் விலையை நான்கு பேரிடமும் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். அன்றிரவு பதினொன்றரைக்குக் கேட்டால் பேரம் பேச வழியில்லை.

கேள்வி: எந்த மாதம் மலிவு? – சிங்கப்பூர் வாசகர்

இடம் பொறுத்தது. ஆகஸ்ட் 15 இத்தாலி, கிரீஸ் இரண்டிலும் பெருவிடுமுறை. அதையொட்டிய வாரங்களில் விலை உச்சம், ஆள் கிடைப்பது அரிது. கிரீஸின் ஏஜியன் தீவுகளில் ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்னும் வடகாற்று வீசும். படகு ரத்தாகும், மணவறைத் துணி பறக்கும். மே மாதமோ செப்டம்பர் பிற்பாதியோ பாருங்கள். தென் இத்தாலியின் புலியாவுக்கும் போர்ச்சுகலின் அல்கார்வேக்கும் அக்டோபர் தொடக்கம் ஒத்துவரும். வியாழக்கிழமை வைத்தால் சனிக்கிழமையைவிடக் குறையும்.

ஒரு தகவல். எல்லோரும் படத்தைக் காட்டி ‘இதுமாதிரி வேண்டும்’ என்று கேட்கிற இரண்டு இத்தாலியக் கல்யாணங்கள், விராட் கோலி–அனுஷ்கா ஷர்மாவுடையதும் தீபிகா படுகோன்–ரன்வீர் சிங்குடையதும், நடந்தது 2017 டிசம்பரிலும் 2018 நவம்பரிலும். இரண்டும் சீசனுக்கு வெளியே. படத்தைப் பார்த்து ஜூலை மாதத்துக்கு விலை கேட்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கேள்வி: அங்கேயே சட்டப்படி பதிவு செய்துகொள்வது நல்லதா? – சிட்னி வாசகி

செலவு மட்டும் பார்த்தால், வசிக்கிற ஊரில் பதிவு, அங்கே சடங்கு. அதுவே மலிவு, நிம்மதியும்கூட.

கட்டாயம் அங்கேதான் என்றால் நாட்டுக்கு நாடு கதவு வேறு. ஸ்பெயினில் சிவில் பதிவுக்கு இருவரில் ஒருவராவது அங்கே வசிப்பவராக இருக்க வேண்டும். பிரான்ஸில் இருவரில் ஒருவருக்கோ அவர் பெற்றோருக்கோ அந்த ஊரில் குறைந்தது ஒரு மாத வசிப்பு வேண்டும். ப்ரோவான்ஸ் கனவுகள் பெரும்பாலும் முட்டிக்கொள்வது இங்கேதான். போர்ச்சுகலில் வசிப்பு நிபந்தனை இல்லை. கிரீஸிலும் வெளிநாட்டவர் பதிவு செய்யலாம். அங்கே திருமண அனுமதி ஆறு மாதம்தான் செல்லும் என்பதால் தேதியை அதற்குள் வையுங்கள். இத்தாலியில் ‘நுல்லா ஓஸ்தா’, அதாவது திருமணத்துக்குத் தடை இல்லை என்ற சான்று வேண்டும். 16 யூரோ வரி முத்திரைகளைப் பலமுறை ஒட்ட வேண்டியிருக்கும். இத்தாலியன் தெரியாதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கட்டாயம். அவர் கூலி உங்கள் கணக்கில். மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்கு 300 நாள் காத்திருப்பு விதி உண்டு. அது பொருந்துமா என்று முதலிலேயே பாருங்கள். நகராட்சிக் கட்டணம் வெளியூர்க்காரருக்கும் வார இறுதிக்கும் கூடும்.

தெற்கு ஸ்பெயினின் ஆண்டலூசியாவில் விருந்து வைப்பவர்கள் பக்கத்திலிருக்கும் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியான ஜிப்ரால்டரில் பதிவு செய்துகொண்டு வருவது பழைய வழக்கம். ஜான் லெனனும் யோகோ ஓனோவும் 1969-ல் அங்கேதான் பதிவு செய்தார்கள். நுழைவு விதியை மட்டும் தனியாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முகூர்த்தம் ஜூலையில். வில்லாத் தோட்டத்தில் அக்னி வளர்க்க முடியுமா? பூஜைச் சாமான்களை ஊரிலிருந்து கொண்டுபோகலாமா? – துபாய் வாசகர்

இந்தக் கேள்வியைக் கேட்காமல் போய், கடைசி நாளில் கற்பூரத் தட்டோடு நிற்கிறவர்கள் நிறைய. டஸ்கனியில் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 31 வரை காட்டுத்தீ அபாயக் காலம்; காட்டிலும் காட்டை ஒட்டிய இடங்களிலும் தீ மூட்டத் தடை. வறட்சி கூடினால் நாள்களை நீட்டிப்பார்கள். புலியாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை. கிரீஸில் மே 1 முதல் அக்டோபர் 31 வரை தீத் தடுப்புக் காலம். பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிற வில்லாவா, கல் பாவிய முற்றமா என்பதைப் பொறுத்து உரிமையாளர் சொல்லும் பதில் மாறும்.

‘ஒன்றும் பிரச்சினை இல்லை’ என்று போனில் சொன்னால் போதாது. அவருடைய காப்பீடு திறந்த நெருப்பை ஏற்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். ஒத்துக்கொண்டால் ஏற்பாடு இப்படி: கால் வைத்த உலோகக் குண்டம், அடியில் மணல் பரப்பிய தட்டு, கல் தரை, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரும் தீயணைப்பானும், கண்காணிக்க ஓர் ஆள். நெய்யை ஊற்றி விளாசாமல் கரண்டி கரண்டியாக விடும்படி ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓவியம் தீட்டிய கூரையுள்ள பழைய கூடங்களில் உள்ளே நெருப்புக்கு இடமே இல்லை. மெழுகுவத்திக்கே கண்ணாடிக் குவளை கேட்பார்கள்.

சாமான் விஷயத்தில் சிக்குவது நெய். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி பால் பொருள், இறைச்சி கொண்டுவரக் கூடாது. நெய் பால் பொருள்தான். மாவிலை, வெற்றிலை, பூச்சரம், பச்சை மஞ்சள் கிழங்கு எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள். சான்று தேவைப்படாத பழங்கள் ஐந்தே ஐந்து: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன். நம் தட்டுக்கு முதல் இரண்டும் போதும் என்பது அதிர்ஷ்டம். மீதியை ரோமில் எஸ்குவிலினோ சந்தைப் பக்கத்துத் தெற்காசியக் கடைகளிலோ மிலானிலோ வாங்கி, ஏற்பாட்டாளர் வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள். மண்டபத் தோரணத்துக்கு ஒலிவக் கிளையும் எலுமிச்சை இலையும் அங்கேயே கிடைக்கும். பார்க்கவும் அழகு.

கேள்வி: இத்தாலியின் அமால்ஃபி கடற்கரையில் ராவெல்லோவில் 60 பேருக்குக் கல்யாணம். போக்குவரத்துக்கு 1,000 யூரோ ஒதுக்கியிருக்கிறோம். – கோலாலம்பூர் வாசகி

சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பது இந்தக் கடற்கரைக்கென்றே சொன்னது மாதிரி. கடற்கரையோரம் போகும் எஸ்.எஸ். 163 சாலை குறுகலானது. நீளப் பஸ்ஸை மறந்துவிட்டு, ஓட்டுநர் போக 8 பேர் உட்காரும் வேன்களில் கணக்குப் போடுங்கள். 60 பேருக்கு 8 வேன். ஆனால் நேப்பிள்ஸ் விமான நிலையத்திலிருந்து வரும்போது பெட்டிகள் இருக்கும். வேனுக்கு 6 பேர்தான் வசதியாக ஏறலாம், அப்போது 10 வேன். வேனுக்குப் போகவர இவ்வளவு என்று விலை, தலைக்கு அல்ல. அதனால் விருந்தினர் இறங்கும் விமானங்களை ஒரு தாளில் எழுதி, ஒரு மணி நேர வித்தியாசத்தில் இறங்குபவர்களை ஒன்றாகச் சேருங்கள். இந்த ஒரு வேலையே இரண்டு மூன்று வேனை மிச்சப்படுத்தும்.

‘அவரவர் கார் எடுத்து வரட்டும்’ என்று விடாதீர்கள். நெரிசல் நாள்களில் இந்தச் சாலையில் நம்பர் பலகையின் ஒற்றை–இரட்டைக் கட்டுப்பாடு அமலாகும். இறங்கினாலும் கார் நிறுத்த இடம் இருக்காது. போகும் வழியில் யாராவது ஃபுளோரன்ஸ் பழைய நகருக்குள் காரை விட்டால், தடைசெய்யப்பட்ட போக்குவரத்துப் பகுதியின் கேமரா படம்பிடிக்கும். மாதங்கள் கழித்து அபராதக் கடிதம் வரும். வாடகைக் கார்க் கம்பெனி தன் பங்குக்கு ஒரு கட்டணமும் போடும்.

இதே கடற்கரையின் பொஸிடானோவில் தங்குபவர்களுக்குப் படிக்கட்டு தனிப் பிரச்சினை. பெட்டி தூக்க ஆள்கூலி ஒதுக்குங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை மேலே ராவெல்லோவிலேயே தங்க வையுங்கள்.

கேள்வி: சாயங்காலம் விளக்கெல்லாம் எரிந்தால் போதும், ஜெனரேட்டர் எதற்கு? ஏற்பாட்டாளர் கமிஷனுக்காகச் சேர்த்தாரா? – ஜெர்மனி வாசகர்

இல்லை. இத்தாலிய வீடுகளுக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் மின் இணைப்பு 3 கிலோவாட். கிராமத்து வில்லாவில் கொஞ்சம் கூடுதல் இருக்கலாம். கேட்டரிங்காரரின் பெரிய மின் அடுப்பு ஒன்றே 10 கிலோவாட் இழுக்கும். சூடுபடுத்தும் அலமாரி 2, காபி இயந்திரம் 3, குளிர்பெட்டிகள் 3, இசையும் விளக்கும் 4. மொத்தம் 22. ஜெனரேட்டரைக் கே.வி.ஏ. (கிலோவோல்ட்-ஆம்பியர்) கணக்கில் கொடுப்பார்கள், கிலோவாட்டை அதற்கு மாற்ற 22-ஐ 0.8-ஆல் வகுத்தால் 27.5. மோட்டார்கள் கிளம்பும்போது அதிகம் இழுக்கும் என்பதால் 40 கே.வி.ஏ. எடுங்கள். சத்தம் குறைந்த ரகம், மேசைகளிலிருந்து 50 மீட்டர் தள்ளி. அந்த 50 மீட்டர் கேபிளும், நடைபாதையைக் கடக்கும் இடத்தில் மேலே மூடும் ரப்பர்ப் பாலமும், டீசலும் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

மின்சாரம் எப்போது நின்றுபோகும் என்றால், அடுப்பு முழு வீச்சில் இருக்கும் நேரத்தில் டிஜே சுவிட்சைப் போடும்போது. அதாவது மணமக்கள் நுழையும் நிமிடத்தில்.

இசைக்கு இன்னொரு சீட்டும் வேண்டும். இத்தாலியில் கல்யாண விருந்தில் பாட்டுப் போட சியாயே என்னும் பதிப்புரிமை அமைப்பின் அனுமதி எடுக்க வேண்டும். அதற்கான கட்டணம் நிகழ்ச்சி நடத்துபவருடையது, டிஜேயுடையது அல்ல. வெளியே பாட்டு எத்தனை மணி வரை என்பதை நகராட்சி தீர்மானிக்கும். பெரும்பாலும் நள்ளிரவில் நிறுத்தச் சொல்வார்கள். பிறகு ஆட ஓர் உள்கூடம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத வில்லாவுக்கு அதிகாலை 3 மணி வரை டிஜேக்குக் கூலி கட்டுவது வீண்.

கேள்வி: டிரோன் படம் எடுக்கலாமா? – லண்டன் வாசகி

டிரோனை இயக்கப் பதிவு செய்த ஆள், இட உரிமையாளரின் சம்மதம், அந்தப் பகுதியில் பறக்கத் தடை இல்லை என்ற உறுதி மூன்றும் இருந்தால் எடுக்கலாம். ஆனால் ஐரோப்பிய விதிப்படி சாதாரண வகையில் பறப்பவை கூடியிருக்கும் மக்களுக்கு மேலே பறக்கக் கூடாது. விருந்தினர் தலைக்கு மேலே சுற்றும் ‘ஷாட்’டுக்கு என்று தனிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து 25 உறவினர்கள் இத்தாலிக்கு வர வேண்டும். விசாவில் என்ன செலவு, என்ன தவறும்? – சென்னை வாசகர்

ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக்கு 45, அதற்குக் கீழ் இலவசம். 25 பெரியவர்களுக்கு 2,250. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் பணம் திரும்பாது. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். கோடைக்கு முன் நேர ஒதுக்கீடு கிடைப்பதுதான் கஷ்டம். ஆகவே அழைப்பிதழ் அச்சாகும்வரை காத்திராமல், எட்டு ஒன்பது மாதம் முன்பே தேதியைச் சொல்லிவிடுங்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டில்தான் விண்ணப்பம். கல்யாணத்துக்கு மூன்று நாள் இத்தாலி, சுற்றிப் பார்க்க ஐந்து நாள் பிரான்ஸ் என்று போட்ட சித்தப்பா இத்தாலியிடம் விண்ணப்பித்தால் மறுப்புக்கு அவரே காரணம் கொடுக்கிறார்.

விடுதியோடு மொத்தமாக அறை பிடிக்கும்போது இரண்டு சலுகை கேளுங்கள்: பெயரை மாற்றிக்கொள்ளலாம், குறிப்பிட்ட தேதிக்குள் இத்தனை அறையைத் திருப்பித் தரலாம். அந்தத் தேதி விசா முடிவு தெரிவதற்குப் பிறகு வர வேண்டும். 90 நாள் முன்பே முடிந்துவிட்டால் அந்தச் சலுகையால் பயனில்லை.

கேள்வி: பணத்தை எப்படி அனுப்புவது? ரொக்கமாகக் கொடுத்தால் குறைப்பார்களாம். – கொழும்பு வாசகர்

ரொக்கம் வேண்டாம். இத்தாலியில் 5,000 யூரோவும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கொடுக்கத் தடை; கிரீஸில் வியாபாரிகளுக்கு 500 யூரோதான் எல்லை. 10,000 யூரோவும் அதற்கு மேலும் கையில் எடுத்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போனால் அறிவிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பில் இல்லாமல் கொடுத்த பணத்துக்கு முன்பண விதி எதையும் காட்டிக் கேட்க முடியாது.

தவணைகளை யூரோவில் எழுதி, ஒவ்வொரு தவணைக்கும் முன் அந்த அளவுக்கு யூரோ வாங்கிவையுங்கள். நாணய மதிப்பு ஏறினால் தாங்க 5% ஒதுக்குங்கள். கடையில் அட்டை தேய்க்கும்போது ‘உங்கள் நாட்டுப் பணத்திலா, யூரோவிலா’ என்று இயந்திரம் கேட்கும், யூரோவையே அழுத்துங்கள். வங்கிக் கட்டணத்தை முழுவதும் நீங்களே ஏற்பதாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் வழியில் 20, 30 யூரோ கழிந்து போய்ச்சேர்ந்து, ‘பாக்கி இருக்கிறது’ என்று கடிதம் வரும்.

‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய எண் இதோ’ என்று மின்னஞ்சல் வந்தால் பதில் போடாதீர்கள். ஒப்பந்தத்தில் உள்ள பழைய தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். அஞ்சலைக் களவாடிக் கடைசித் தவணையைத் திருப்பிவிடும் மோசடி இந்தத் தொழிலில் சகஜம்.

கேள்வி: ஏற்பாட்டாளர் மொத்தச் செலவில் 12% கேட்கிறார். நியாயமா? – டொரான்டோ வாசகர்

சதவீதம் என்றால் உங்கள் செலவு கூடக் கூட அவர் வருமானமும் கூடும். முடிந்தால் நிலையான தொகை பேசுங்கள். அதைவிட முக்கியம், பூக்காரரிடமும் கேட்டரிங்காரரிடமும் அவர் கமிஷன் வாங்குகிறாரா என்று நேராகக் கேட்பது. வாங்குவது குற்றமில்லை, மறைப்பதுதான் தப்பு.

கேள்வி: கடைசி எண்ணிக்கையை எப்போது சொல்ல வேண்டும்? – மெல்போர்ன் வாசகி

ஒப்பந்தத்தில் இரண்டு எண் இருக்கும். ஒன்று குறைந்தபட்ச உத்தரவாதம். வந்தாலும் வராவிட்டாலும் அதற்குப் பணம். இன்னொன்று கடைசி எண்ணிக்கை. பெரும்பாலும் 10 முதல் 14 நாள் முன்பு கேட்பார்கள். உத்தரவாத எண்ணை நீங்கள் எதிர்பார்ப்பதில் 80% அளவுக்குப் பேசுங்கள். கூட்டுவதற்கு எல்லோரும் சம்மதிப்பார்கள், குறைக்க ஒருவரும் சம்மதிக்கமாட்டார்கள். குழந்தைகளுக்கு எந்த வயது வரை அரைவிலை என்பதையும் கேளுங்கள்.

எல்லோரும் மறப்பது வேலைசெய்கிறவர்கள் சாப்பாடு. போட்டோகிராபர் இரண்டு பேர், வீடியோ இரண்டு, டிஜே ஒன்று, மேக்கப் ஒன்று, ஏற்பாட்டாளர் தரப்பில் இரண்டு. எட்டுத் தட்டு. விருந்தினர் மெனுவே அவர்களுக்கும் என்றால் 160 வீதம் 1,280 யூரோ. ‘பணியாளர் சாப்பாடு’ என்று தனி விலை எழுதி வாங்கினால் பாதிக்கும் கீழே வரும். நேரத்தையும் குறித்துவிடுங்கள்: விருந்தினருக்கு முதல் தட்டு போகும்போதே அவர்களுக்கும் போட வேண்டும். பந்தி முடிந்து போட்டால், கேக் வெட்டும்போது போட்டோகிராபர் சமையலறையில் இருப்பார்.